கேட் திருடிய சவேத்தா நர்ஸான கதை

படிவத்தின் பதினோராவது கேள்விதான் சவேத்தாவின் உயிரை வாங்கியது. பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாவற்றையும் மளமளவென்று எழுதியவள், பதினொன்றுக்கு வந்ததும் பேனாவைக் கடிக்க ஆரம்பித்துவிட்டாள். ‘நீங்கள் எப்போதாவது நீதிமன்றத்தில் தண்டனை பெற்றதுண்டா? ஆம் எனில் விவரம் எழுதவும்.’

“இல்லைன்னு எழுதிட்டு எந்திரிடி” என்றாள் அம்மா லியூபா, மேஜையின் மறுமுனையில் மாவு பிசைந்துகொண்டே. “போலீஸ் குடுத்த தாளே சுத்தமா இருக்கு. சும்மா கிடக்கிற சங்க எதுக்கு ஊதிக் கெடுக்கிறே?”

அம்மா சொன்னதும் பொய்யில்லை. சின்னக் குற்றம், தண்டனை முடிந்து வருஷங்கள் ஓடிவிட்டன. சட்டமே அதைத் துடைத்துவிட்டது. நன்னடத்தைச் சான்றிதழில் ‘ஏதுமில்லை’ என்று நீல முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரிப் படிவம் கேட்பது இன்றைய நிலவரத்தை இல்லையே, மொத்த ஜாதகத்தையும் அல்லவா கேட்கிறது! இருப்பது ஒரே ஒரு நர்ஸ் வேலை. போட்டிக்கு ஏழு பேர். ‘ஆம்’ என்று எழுதுகிற ஒரே பைத்தியம் தான் மட்டும்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படி என்ன கொலையா செய்தாள்? ஒரு கேட்டைத் திருடினாள்.

பத்து வருஷத்துக்கு முந்தைய புனித அந்திரேயா பெருநாள் அது. மால்டோவாவில் எங்கள் நுக்கரேனி மாதிரி ஊர்களில் அன்றைக்கு ராத்திரி, கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டு கேட்டைப் பையன்கள் கழற்றிக்கொண்டு போய் ஊர்க்கோடியில் சாத்திவிடுவார்கள். மறுநாள் பெண்ணின் அப்பா ஒரு குடம் ஒயினோடு போய் மீட்டுவருவார், திட்டிக்கொண்டே, உள்ளுக்குள் பூரித்துக்கொண்டே. கேட் போகாத வீட்டுப் பெண்ணின் பாடுதான் திண்டாட்டம். சவேத்தா வீட்டு கேட் இரண்டு வருஷமாக அசையாமல் நின்றது. கீலைத் தளர்த்தி, எண்ணெய் போட்டு, அவளே வசதி செய்து வைத்திருந்தாள். ஒரு பயலும் தொடவில்லை.

பத்தொன்பது வயசு, ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்க கேட்டத்தான் எவனும் தூக்கல, நான் போய் ஒண்ணைத் தூக்கறேன்” என்று மாமாவின் குதிரை வண்டியைப் பூட்டிக்கொண்டு, பெரியப்பா மகன் கொர்னெலின் கூட்டத்தோடு கிளம்பிவிட்டாள்.

கொர்னெல் குறி வைத்தது புதுசாகக் குடிவந்தவர்களின் வீடு. கொடியில் ரோஸ் கலர் சட்டைகளும் பூப்போட்ட பாவாடைகளும் காய்ந்தன. “கண்டிப்பா பொண்ணு இருக்குடா” என்றான் அந்த அறிவாளி. உள்ளே இருந்தது சகரியா என்கிற ஓய்வுபெற்ற சுங்க அதிகாரியும், அறுபது வயசிலும் ரோஸ் கலரை விடாத அவர் மனைவியும்தான். பெண் இல்லாத வீட்டில் கேட்டை எடுத்தால் அதற்கு வழக்கம் என்று பேரில்லை, அப்பட்டமான திருட்டு. நுக்கரேனியில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும்.

அதோடாவது விட்டதா? பாலத்தில் குதிரை மிரண்டது. இரும்பு கேட் சறுக்கிக்கொண்டு போய்த் தொபுக்கென்று ஆற்றில் விழுந்தது. வீரர்கள் நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிட்டார்கள். நடுங்குகிற குதிரையை விட்டுவிட்டு ஓட சவேத்தாவுக்கு மனசு வரவில்லை. போலீஸ் வந்தபோது அழுதுகொண்டே அதற்கு ரொட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“வழக்கம், வழக்கம்ங்கிறியேம்மா, அந்த வீட்ல பொண்ணு எங்கே?” என்று கேட்டார் நீதிபதி. அவரும் அந்தப் பக்கத்து ஆள்தான். நூற்றிருபது மணி நேரம் கூலியில்லாத வேலை என்று தீர்ப்பானது. வேலை செய்ய அனுப்பிய இடம் வட்டார ஆஸ்பத்திரி.

அங்கே தலைமை நர்ஸ் அக்ரிப்பினா ஒரு வாளியையும் துடைப்பத்தையும் அவள் கையில் கொடுத்து, “கேட் எல்லாம் இங்க கனமா இருக்கும், தூக்க முடியாது” என்று ஒரே வரியில் வரவேற்றாள். முதல் வாரம் சவேத்தா தரையை மட்டும் பார்த்தாள். இரண்டாம் வாரம் தலையைத் தூக்கிக் கட்டில்களைப் பார்த்தாள். மூன்றாம் வாரம் யாருக்குத் தலையணை எந்தப் பக்கம் வேண்டும், யார் சூப்பை ஜன்னல் வழியே கொட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

நூற்றிருபதாவது மணி நேரம் முடிந்ததும் அக்ரிப்பினா கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினாள். “முடிஞ்சுதே, கிளம்பலையா?”

“நாலாம் கட்டில்காரருக்கு இன்னும் முதுகு தொடைக்கலக்கா” என்றாள் சவேத்தா.

அந்த மாதமே ஆயா வேலை கிடைத்தது. ஒன்பது வருஷம் ஆயாவாகவே ஓடியது. அதில் கடைசி நான்கு வருஷம், ஷிப்ட் மாற்றி மாற்றிக் கெஞ்சி வாங்கி, பக்கத்து நகரத்துக் கல்லூரிக்கு பஸ்ஸில் போய்ப் படித்தாள். பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போன நாட்கள் கணக்கில்லை. ஆனாலும் தேறிவிட்டாள். இனி மிச்சமிருப்பது இந்தப் படிவம்தான்.

இத்தாலியில் கட்டட வேலையிலிருந்த கொர்னெல் போனில் கத்தினான். “அடியே, அரசாங்கமே மறந்துட்டதை நீ எதுக்கு ஞாபகப்படுத்தறே?”

“நீ வாயைத் தொறக்காதே. ஓடினவன்தானே நீ!” என்று போனை வைத்துவிட்டாள்.

அக்ரிப்பினாவிடம் கேட்டாள். “என்கிட்ட கேக்காதே தாயே. நான் தேர்வுக்குழுவுல உக்காரப் போறவ. தவிர, எதைச் சொன்னாலும் பின்னாடி என்னைத்தான் திட்டுவே” என்று நழுவிவிட்டாள் அவள்.

வீட்டுக்கு வந்து மறுபடி படிவத்தை விரித்தாள். ‘இல்லை’ என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோனாள், கை வரவில்லை. அந்தக் கேட் விழாமல் இருந்திருந்தால் இந்த ஆஸ்பத்திரிப் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அதை மறைத்துவிட்டு எந்த முகத்தோடு நாலாம் கட்டிலுக்கும் ஐந்தாம் கட்டிலுக்கும் போவது? அவளுக்கு பயமாகத்தான் இருந்தது. இருந்தும் ‘ஆம்’ என்று எழுதினாள். விவரத்துக்குக் கொடுத்த இடம் போதாமல் தனித்தாள் ஒட்டி, ரோஸ் கலர் சட்டை உட்பட ஒன்றரைப் பக்கம் எழுதித் தள்ளிவிட்டாள். “போச்சு, எல்லாம் போச்சு” என்று லியூபா தலையில் அடித்துக்கொண்டதில் முடியெல்லாம் மாவு.

நேர்காணலில் மூன்று பேர். ஒருவர் ஆஸ்பத்திரி இயக்குநர், டாக்டர் ஸ்த்ரத்தான். அக்ரிப்பினா தெரிந்தவள். மூன்றாவது ஆள் பணியாளர் பிரிவின் எவ்தோக்கியா அம்மாள், போன வருஷம்தான் வேறு வட்டாரத்திலிருந்து வந்தவர். படிவத்தில் மைத்துளி இருந்தாலே திருப்பி அனுப்புகிறவர் என்று பெயர்.

இயக்குநர் தனித்தாளைப் படித்துக்கொண்டே வந்து, கொடித்துணி கட்டத்தில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எவ்தோக்கியா அம்மாள் சிரிக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

“நோயாளிக்கு மருந்தை மாத்திக் குடுத்துட்டீங்க. அவருக்கு ஒண்ணும் ஆகல. யாரும் பாக்கவும் இல்ல. என்ன செய்வீங்க?”

“டாக்டர்கிட்ட சொல்லுவேன்மா. சொல்ல பயமாத்தான் இருக்கும். ஆனா சொல்லிடுவேன்.”

“சரி, வெளிய உக்காருங்க.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு ஒரு மணி நேரம் ஒரு யுகமாக இருந்தது. உள்ளே எவ்தோக்கியா அம்மாளின் குரல் மட்டும் கேட்டது, என்ன பேசினார் என்று புரியவில்லை. மறுபடி கூப்பிட்டபோது அக்ரிப்பினா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைந்தோம் என்றே நினைத்தாள் சவேத்தா.

“காலையிலேர்ந்து ஏழு பேர்கிட்ட அதே கேள்வியக் கேட்டேன்” என்றார் எவ்தோக்கியா அம்மாள். “ஏழு பேரும் சொல்லுவேன்னுதான் சொன்னாங்க. அதுல யார் நெசமா சொல்லுவாங்கன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? போலீஸ் தாள்லயே இல்லாத ஒண்ணைத் தானா வந்து சொன்னவங்க நீங்க ஒருத்தர்தான். திங்கக்கெழமை வந்து சேருங்க.” அதே மூச்சில், “ஆனா நோயாளி சார்ட்ல இப்படி ஒண்ணரைப் பக்கம் கதை எழுதாதீங்க. நாலு வரி போதும்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

சவேத்தா நடைவழியில் நின்று வாய்விட்டு அழுதாள். அக்ரிப்பினா வந்து கைக்குட்டையை நீட்டி, தானும் அதிலேயே மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை. வெள்ளைச் சட்டை இன்னும் மடிப்புக் கலையவில்லை. ஜன்னலோரம் ஒரு நோயாளிக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஆறாம் கட்டிலில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவர், “சிஸ்டர்! சிஸ்டர்!” என்று முனகினார்.

ஒன்பது வருஷப் பழக்கம் லேசில் விடுமா? சவேத்தா கதவுப் பக்கம் திரும்பி, “சிஸ்டர், ஆறாம் நம்பர் கூப்பிடறாரு!” என்று குரல் கொடுத்தாள். நடைவழியில் ஈ காக்கை இல்லை.

“யாரைம்மா கூப்பிடறே?” என்றார் பெரியவர். “நான் உன்னைத்தான் கூப்பிட்டேன்.”