ஸ்பிரிட் கிண்ணத்தில் கிடந்த பிளேடு

காமாக்ஷி மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன கிளினிக்கில் பதினெட்டு வருஷமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறாள். சீழ் நாற்றம் அவளுக்கு இன்றும் குமட்டும்.

அன்று அரிசி மூட்டை சுமக்கும் நாணு, உச்சந்தலையில் எலுமிச்சை அளவு கட்டியோடு வந்தார். சலூன்காரர் சவரத்துக்கு உடைத்த பாதி பிளேடால் கீறியிருந்தார். முடி சீழில் ஒட்டிக் கிடந்தது.

"சும்மாடு உட்காரல்லே சேச்சி. அதான் கீறச் சொன்னேன்."

"ஊரார் தாடி வழிச்ச பிளேடு. நன்னா இருக்கு சேட்டா."

அவள் கட்டியைச் சுற்றி மழித்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, "சிபேஷியஸ் சிஸ்ட், கொழுப்புக் கட்டி. பழுத்திருக்கு," என்றார். "ஸ்பிரிட் கிண்ணத்துல இருக்கற பிளேடை ஸ்கால்பெல் பிடியில மாட்டு."

காலையில் ஒரு சர்க்கரை நோயாளியின் கால் புண்ணை அறுத்த பிளேடு அது. சலூன்காரராவது படிக்காதவர். காமாக்ஷி அந்தப் பிளேடை எடுத்துப் பழைய ஊசிகள் போடும் டப்பாவில் எறிந்துவிட்டு, புதுப் பிளேடின் உறையைக் கிழித்தாள்.

"அது நல்ல பிளேடுதானே?"

"உங்க தலைன்னா அதை மாட்டச் சொல்வேளா டாக்டர்?"

டாக்டர் புதுப் பிளேடால் கீறினார். சீழ் பீறிட்டது.

"முகம் ஏன் அப்படிப் போறது சேச்சி? அவ்வளவு நாத்தமா?" என்றார் நாணு.

"உங்க நாத்தம் கழுவினாப் போயிடும் சேட்டா," என்றாள் காமாக்ஷி.