படுதாவுக்குப் பின்னாலிருந்து ஒரு ‘சரி’

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இது எனக்கு நடந்தது. போன நவம்பரில், ஃபுகுவோகாவில், எங்கள் லேசர் அறையில், மதியம் இரண்டே முக்காலுக்கு நடந்தது.

மதியத்தில் பேயா என்று சிரிக்காதீர்கள். எங்கள் அறைக்குப் பகல் கிடையாது. ஜன்னல் இல்லை. சுவர், கூரை, படுதா எல்லாம் கறுப்பு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் உச்சி வெயிலும் அமாவாசையும் ஒன்றுதான்.

நாங்கள் செய்யும் வேலை இது. காற்றை உறிஞ்சி எடுத்த ஓர் இரும்புக் கலத்துக்குள் வெள்ளீயத் துண்டை வைப்போம். ஒரு லேசரால் அதை அடிப்போம். அடித்த இடத்தில் உலோகம் ஆவியாகி, அரிசி மணி அளவுக்கு ஒரு பொறி எழும்பும். அதுதான் பிளாஸ்மா. எழும்பிய வேகத்திலேயே செத்துவிடும். சாவதற்குள் பச்சை நிறத்தில் இரண்டாவது லேசரை அதன் நடுவே அனுப்ப வேண்டும். பொறியில் இருக்கும் எலக்ட்ரான்கள் அந்த ஒளியில் துளியூண்டைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். அதை ஒரு லென்ஸ் வைத்துப் பிடித்தால் மானிட்டரில் ஒட்டக முதுகு மாதிரி இரண்டு மேடுகள் வரும். பொறி எத்தனை சூடு என்று அந்த மேடுகள் சொல்லிவிடும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஒளி பக்கவாட்டில் திரும்பினால் அங்கே ஏதோ இருக்கிறது. ஒன்றுமே இல்லாத இடத்தில் அது சிதறாது.

அறையின் குறுக்கே ஒரு கறுப்புப் படுதா தொங்கும். ஒரு பக்கம் லேசர் மேசை. மறு பக்கம் மானிட்டரும் கதவும். மேசையில் நிற்பவர் பட்டனை அமுக்கும் முன் “சுடுறேன்!” என்று குரல் கொடுக்க வேண்டும். மானிட்டரில் இருப்பவர் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு “சரி!” என்று சொல்ல வேண்டும். ஒரு சரிக்கு ஒரு சுற்று. பதில் வராமல் சுட்டதாகத் தெரிந்தால் எங்கள் பேராசிரியர் ஹிதாகா சென்செய் அறையை விட்டே துரத்திவிடுவார். பத்து வருடமாக இதே பழக்கம். தனியாக இருந்தாலும் வாய் தானாகக் குரல் கொடுக்கும்.

இனி ஒடகிரிக்கு வருகிறேன். என்னைவிட மூன்று வயது சின்னவள். ஆய்வகத்தில் ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது. போட்டி எங்கள் இருவருக்குள்தான். உலோகத்தின் தோலை ஒட்டி, ஒரு முடி தூரத்தில், யார் சுத்தமாக அளந்து காட்டுகிறார்களோ அவர்களுக்கே இடம் என்று சென்செய் சொல்லிவிட்டார். அத்தனை கிட்டத்தில் உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளியே மானிட்டரை நிரப்பிவிடும். மேடாவது பள்ளமாவது!

எனக்கு நிரப்பியது. அவளுக்கு மட்டும் நிரப்பவில்லை. அதே லேசர், அதே உலோகம். அவளுடைய நாட்களில் மேடுகள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? அவள் சோற்றுருண்டையைச் சிரித்துக்கொண்டே தின்பதைப் பார்த்தால் என் பசியே போய்விடும்.

“எப்படிடி உனக்கு மட்டும் வருது?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“போங்க குரோகி சான். உங்களுக்குத் தெரியாததா?” என்று கண்ணடித்தாள்.

கண்ணடிக்கிறாளாம்! அன்று இரவு நான் தூங்கவில்லை.

நவம்பரில் அவள் தன் மேடுகளைத் தூக்கிக்கொண்டு செந்தாய் நகரத்து மாநாட்டுக்குப் போனாள். மூன்று நாள் அறை எனக்கே எனக்கு. அவள் திரும்புவதற்குள் ஒரு மேடாவது பிடித்துவிட வேண்டும் என்று வெறியோடு போனேன். இரண்டு நாள் குப்பைதான் வந்தது. மூன்றாம் நாள் மதியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையில் நின்றேன்.

“சுடுறேன்!”

“சரி.”

விரல் அமுக்கிவிட்டது. டக். அப்புறம்தான் யோசித்தேன். யார் சரி சொன்னது?

ஒடகிரியின் குரல். சந்தேகமே இல்லை. மாநாட்டிலிருந்து முன்னாடியே திரும்பிவிட்டாள் என்று நினைத்தேன். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. இருந்தாலும் வேறு என்ன நினைப்பது? வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று கோபம்தான் வந்தது.

“வந்தாச்சா? பரிசு ஒண்ணும் குடுக்கலையா?” என்றேன்.

என் கேலி காதில் விழாத மாதிரி...

“லென்ஸை மேல ஏத்து. அரை முடி.”

‘ஏத்து’வாம்! எப்போதும் ‘நீங்க, வாங்க’ என்பவள். ஒரு மாநாட்டுக்குப் போனதும் பெரிய மனுஷியாகிவிட்டாளா? பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன். வேலை முக்கியம்.

“சுடுறேன்.”

“சரி.”

டக்.

“வந்திருச்சு,” என்றது குரல்.

அந்த ஒரு சொல்லில் என் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. என் மேடு! இனி ஒரே ஒரு சோதனை பாக்கி. உலோகத்தை அடிக்கும் லேசரை மூடிவிட்டு, பச்சையை மட்டும் சுட வேண்டும். பொறி இல்லை. கலத்தில் காற்றும் இல்லை. சிதறடிக்க ஒன்றுமே இல்லை. மானிட்டரில் வெறும் தட்டைக் கோடு வர வேண்டும். மூடினேன். குரல் கொடுத்தேன். சரி வந்தது. சுட்டேன்.

பார்க்கலாம் என்று படுதாவை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

நாற்காலி காலி.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நான் போட்ட தாழ்.

மானிட்டரைப் பார்த்தேன். இரண்டு மேடுகள். அழகாக, சுத்தமாக, நான் வாழ்நாளில் பார்க்காத மேடுகள்...

பொறியே இல்லாமல்.

பம்பு மட்டும் ம்ம்ம் என்று ஓடிக்கொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் படுதா. அதற்கு அந்தப் பக்கம், நான் இப்போதுதான் விட்டு வந்த மேசை.

அங்கிருந்து குரல் வந்தது.

“சுடுறேன்.”

அது ஒடகிரி இல்லை.

என் குரல்.

நான் நினைத்துச் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. பத்து வருடப் பழக்கம். வாய் தானாகத் திறந்தது.

“சரி,” என்றேன்.

டக்.

மேடுகள் நகர்ந்தன. நீலப் பக்கமாக.

டக்.

இந்த முறை சரிக்குக் காத்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நீலம்.

எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம். ஒளியைச் சிதறடிப்பது எதுவோ, அது லென்ஸை நோக்கி வருகிறது.

டக்.

லென்ஸுக்குப் பின்னால் படுதா.

டக்... டக்...

படுதாவுக்குப் பின்னால் நான்.

படுதா உப்பியது.

தாழை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. கதவு திறந்தால் லேசர் தானாக நின்றுவிடும். நின்றது. தாழ்வாரத்தில் வெயில். யாரோ ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போனார்கள். திரும்பிப் பார்த்தேன். படுதா ஆடாமல் தொங்கியது.

ஒடகிரிக்குப் போன் போட்டேன். மணி மூன்று பத்து.

“எங்கே இருக்கே?”

“செந்தாயிலதான். மாட்டு நாக்கு வறுவல் சாப்பிட்டுட்டிருக்கேன். உங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

நடந்ததைச் சொன்னேன், என் சரியைத் தவிர. அவள் சிரிக்கவில்லை.

“விளையாடாதீங்க குரோகி சான். நான் அளந்த நாளெல்லாம் படுதாவுக்குப் பின்னாடி நீங்கதானே உட்கார்ந்திருந்தீங்க? மேல ஏத்து, கீழ இறக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் எழுந்து வர்றதுக்குள்ள கிளம்பிடுவீங்க. போட்டியில இருக்கிறவங்க வெளியே காட்டிக்க மாட்டாங்கன்னு நானும் வாயைத் திறக்கல.”

அவளுடைய நாட்களில் நான் அந்த அறைப் பக்கமே போனதில்லை. போனால் வயிறு எரியும் என்றே போனதில்லை.

அப்போது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. நான் சொல்வதை நம்புங்கள். என் குரலை எடுத்துக்கொண்டு, எனக்கு உதவாமல், மாதக்கணக்காக அவளுக்கு உதவியிருக்கிறதே என்றுதான் முதலில் எரிந்தது. பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

“அது நான் இல்லடி. வேற என்ன சொல்லுச்சு?”

“ஒண்ணே ஒண்ணைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கும். ‘ஒரு நாள் நான் சுடுறேன்னு சொல்றேன். நீ சரின்னு சொல்லு. சொன்னா இந்த இடம் உனக்குத்தான்’னு. நீங்க கேலி பண்றீங்கன்னு நினைச்சேன். ஆனா எனக்கு ஏனோ சொல்ல வாய் வரல. நீங்க சொல்லலையே?”

நான் போனை வைத்துவிட்டேன்.

அன்று இரவே காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் போர்வைக்குள் கிடந்தேன். அந்த மேடுகளைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் சென்செய் கூப்பிட்டார். போனேன். எழுந்து நின்று கை கொடுத்தார்.

“பிரமாதம், குரோகி! நேத்து லேசர் ரூம்லேருந்து போன்ல எவ்வளவு தெளிவா விளக்கினே! சந்தேகமே இல்லை. இடம் உனக்குத்தான். ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்த ரூம் உன்னோடது.”