மாமாவுக்குள் புகுந்தவன்

என் தாய்மாமனின் உடம்புக்குள் வேற்றுக்கிரகவாசி ஒருவன் குடிபுகுந்துவிட்டான் என்று பத்து வயதில் முழுதாக ஐந்து நாள் நம்பினேன். இதைச் சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். அவளுக்கென்ன, அந்தக் குரலை அவள் கேட்டதில்லை.

இப்போது என் மகன் ஆடும் கேம்களில் வேற்றுக்கிரக வில்லன்கள் விதவிதமாகப் பேசுகிறார்கள். ஒருவன் பாம்பு மாதிரிச் சீறுகிறான். இன்னொருவன் தொண்டைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதுபோல் இரட்டைக் குரலில் மிரட்டுகிறான். எங்களுக்கு வாய்த்தது ஒரே வில்லன். ஆம்பூர் ரயில்வே கேட் பக்கத்து வீடியோ கேம் கடையில், ஒரு பெட்டிக்குள் இருந்தான். அவன் பேச்சில் ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. கோபமும் கொஞ்சலும் ஒரே சுருதி. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் டவுன் பஸ் போல நின்று நின்று வருவான். தன்னை 'நான்' என்று சொல்லமாட்டான், 'நாங்கள்' என்பான். அவன் பேசிய இங்கிலீஷைக் கடைக்காரர் எங்களுக்கு இலவசமாகத் தமிழ்ப்படுத்துவார். "கிட்ட வா. உன் உடம்பு எங்களுக்கு வேணும்." அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவான். எண்ணி முடித்தால் ஊர் காலி.

அந்த வருஷம்தான் பக்கத்து வீட்டிலேயே இருந்த என் தாய்மாமனுக்குத் தொண்டையில் கட்டி என்று வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை திரும்பி வந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி. கையில் டார்ச்லைட் மாதிரி ஒரு மெஷின். அதைத் தொண்டையில் அழுத்தி என்னைப் பார்த்து வாயசைத்தார்.

"மாப்ள. கிட்ட. வா."

அதே குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை, வண்டு உள்ளே மாட்டிக்கொண்டதுபோல் ஒரு ரீங்காரம். நான் போய் ஒளிந்த இடம் அம்மாவின் துணிக்கூடை.

குரல்வளையை எடுத்துவிட்டார்கள், இனி மாமா மெஷினில்தான் பேசுவார் என்று அம்மா சொன்னாள். பெரியவர்களை நம்ப வைக்க வில்லன் கட்டிய கதை அது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. குழப்பம் வேறு இடத்தில் இருந்தது. வில்லன் எதற்காக வேலூரிலிருந்து எனக்கு மக்கன் பேடா மிட்டாய் வாங்கி வரவேண்டும்? சோதித்துப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கியது யார் என்று தூர நின்று கேட்டேன். மாமாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் அது. "நீ. தான்." என்றது மெஷின். ஆக, மாமாவின் ஞாபகத்தையும் எடுத்துக்கொண்டான். சாயங்காலம் அத்தையிடம், "எங்களுக்கு. ரெண்டு. டம்ளர். கஞ்சி." என்றார். தனக்கும் எனக்கும் சேர்த்துத்தான் கேட்டார். என் காதில் விழுந்தது 'எங்களுக்கு' மட்டும்.

வீட்டிலோ வேறு கவலை. மாமா தோல் பதனிடும் ஷாப்பில் செலக்‌ஷன் பார்ப்பவர். பதப்படுத்திய தோல் ஒவ்வொன்றாக மேஜைக்கு வரும். இரண்டு கையாலும் புரட்டி, தடவி, அது எத்தனையாம் தரம் என்று உரக்கச் சொல்வார். எதிரில் நிற்கும் அவருடைய தோஸ்த் சாக்பீஸால் அதன்மேல் எண் போடுவார். மாமா வெறும் எண் சொல்பவர் அல்லர். "இந்த ஆடு முள்வேலியிலயே குடித்தனம் பண்ணியிருக்குது, நாலு" என்று ராகம் போடுவார். "ரிஜெக்ட்டே..." என்று அவர் இழுத்தால், தோல் ஊறும் டிரம் சுற்றும் இரைச்சலைத் தாண்டி அந்தக் கோடியில் இருக்கிற பெண்கள் சிரிப்பார்களாம். இப்போது முதலாளி, திங்கட்கிழமை வந்து பார்க்கட்டும், முடிந்தால் பழைய வேலை, முடியாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லியனுப்பியிருந்தார். வேலை போனால் இந்தத் தொண்டையோடு வேறெங்கே போவார் என்று அத்தை அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு மத்தியானம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். மாமா கட்டிலில் தனியாக உட்கார்ந்து, மெஷினைத் தொண்டையில் வைத்து, மடித்த போர்வையை ஒரு கையால் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு. ரெண்டு. ரிஜெக்ட். ரிஜெக்ட்."

எண்ண ஆரம்பித்துவிட்டான். நாளைக்கு முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்துக்குப் போகப்போகிறான். ஆம்பூரைக் காப்பாற்றும் பொறுப்பு, அரைக்கால் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்ற என் தலையில் விழுந்தது. மாமா குளிக்கப் போனதும் உள்ளே நுழைந்து மெஷினின் அடியைத் திருகி, சின்னச் செங்கல் மாதிரி இருந்த பேட்டரியை எடுத்தேன். தெருமுனையில் தோல் ஷாப் கழிவால் நீலமாக ஓடிய சாக்கடையில் போட்டேன். போட்டதும் சந்தேகம் வந்தது. இவன் செத்தால் மாமா திரும்பி வருவாரா, இல்லை மாமாவும் சேர்ந்து போய்விடுவாரா? இதை முன்னாடியே யோசித்திருக்கவேண்டும். அன்று சாயங்காலம் முழுக்க மாமா மூச்சுவிடுகிறாரா என்று அவர் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் பேசவில்லை. அவரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வெளியே போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

திங்கள் காலை வேலைக்குப் போனார். சாயங்காலம் கூடவே அந்தத் தோஸ்த்தும் வந்து, முற்றத்தில் நின்றபடியே எல்லோருக்கும் சொன்னார்.

"மெஷின அழுத்தினாரு, பேட்டரி அவுட்டு. எனக்கு பேஜாராப் பூட்ச்சு. இவரு இன்னா பண்ணாரு தெரியுமா? தோலப் புரட்டுறாரு, விரலக் காட்றாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. ரிஜெக்ட்டுக்குக் கட்டவிரல கீழ கவுக்குறாரு. ஒரு தப்பு இல்ல. முதலாளி அரமணி நேரம் நின்னு பாத்துட்டு, சரி, நாளைலேர்ந்து வான்னுட்டாரு."

அத்தை அழுதாள். அம்மாவும் அழுதாள். மாமா சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். ஊர் பிழைத்ததா இல்லையா என்று எனக்கு மட்டும் விளங்கவில்லை.

மறுநாள் காலை துணி துவைக்க எடுத்தபோது, மாமாவின் முதல் நாள் சட்டைப் பையிலிருந்து அத்தை ஒரு பேட்டரியை எடுத்தாள். புதிது, உறைகூடப் பிரிக்கவில்லை.

"இத்த பையிலயே வெச்சிக்கினு இன்னாத்துக்குங்க விரலக் காட்னீங்க?"

மாமா கையை நீட்டினார். பேட்டரியை வாங்கி மெஷினில் போட்டார். சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"மாப்ள. அடுத்த. தடவ. கேட்டு. எடு."

எந்த வேற்றுக்கிரகவாசியும் இப்படிப் பேசமாட்டான் என்று அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. உள்ளே இருப்பது மாமாதான். அந்த நிம்மதியில், அத்தை கேட்ட கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

அதன்பிறகு ஒன்பது வருஷம் மாமா அதே மேஜையில் செலக்‌ஷன் பார்த்தார். வீட்டில் ஓயாமல் மெஷினில் பேசினார். அந்த 'ரிஜெக்ட்டே...' ராகத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்த தோல் ஷாப்புக்கு ஒரு நாளும் அதை எடுத்துப்போனதில்லை.