அவள் ஏன் ஜப்பானியராக நிற்கக் கூடாது?

அமெரிக்காவில், டெக்சாஸின் சுகர் லேண்டில் என் மகள் நான்காம் வகுப்பு படித்தபோது பள்ளியில் மெழுகுச் சிலைக் கண்காட்சி வைத்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பெரிய மனிதரின் வேடத்தில் அசையாமல் நிற்பார்கள். முன்னால் ஒட்டியிருக்கும் சிவப்புக் காகித வட்டத்தைத் தொட்டால் சிலை வாய் திறந்து தன் கதையைச் சொல்லும்.

அவள் தேர்ந்தெடுத்தது ஜப்பானின் முதல் தலைமுறை மின்பொறியாளர் ஒருவரை. மாணவராக இருந்தபோதே ஒரு விருந்து மண்டபத்தில் மின்விளக்கை எரியவைத்துக் காட்டியவர்களில் அவரும் ஒருவர். பிறகு அமெரிக்கா வந்து பார்த்துவிட்டுப் போய், பல்புகளைத் தன் நாட்டிலேயே செய்யத் தொடங்கினார். நூலகப் புத்தகத்திலோ பல்புக்குப் பேர்போன ஓர் அமெரிக்கரின் பெயரைப் போட்டு, ‘ஜப்பானின் இன்னார்’ என்று அவரை எழுதியிருந்தார்கள். அவ்வளவு உழைத்த மனிதருக்குச் சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை. நானும் மின்பொறியாளர்தான். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஆசிரியையிடமிருந்து மின்னஞ்சல். தன் சொந்தப் பண்பாட்டைச் சேர்ந்த ஒருவராக நின்றால் உங்கள் மகளுக்கு இன்னும் இயல்பாக இருக்குமே, தயவுசெய்து யோசியுங்கள் என்று இனிக்க இனிக்க எழுதியிருந்தார். அதே வகுப்பில் ஒரு பையன் எகிப்து அரசனாக நிற்கப்போகிறான். அவன் அப்பா டல்லாஸ்காரர். அவனிடம் யாரும் பண்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

“விட்டுடும்மா, டீச்சர்கிட்ட போய் இஷ்யூ பண்ணாத,” என்றார் கணவர். விடுவேனா? மறுநாள் காலை அலுவலகத்துக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு நேரே பள்ளிக்குப் போனேன். எகிப்து அரசனைப் பற்றிக் கேட்டதும் ஆசிரியையின் முகம் சிவந்துவிட்டது. சரி, அந்த ஜப்பானியராகவே நிற்கட்டும் என்றார்.

கண்காட்சியன்று மகள் தன் அப்பாவின் பழைய கோட்டில், காகித மீசையோடு நின்றாள். தமிழ்ப் பள்ளியில் பழக்கமான ஓர் அம்மா வட்டத்தைத் தொட்டு, கதை முழுவதையும் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, நம்ம ஊர் சயின்டிஸ்ட் யாரும் கெடைக்கலையா?”

“அவளுக்குப் பிடிச்சவரா நிக்கிறா. அதுக்கும் பெர்மிஷன் வாங்கணுமா?” என்றேன், கூட்டத்துக்கு நடுவிலேயே. அவர் முகம் தொங்கிப்போனது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் காரில் பொரிந்துகொண்டே வந்தேன். பின்சீட்டில் மகள் மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண். அன்று தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னாள்.

“அம்மா, நீயும் ஃபர்ஸ்ட் அதான் கேட்ட. இவர் எதுக்கு, இந்தியால யாரும் இல்லையான்னு.”

கேட்டிருக்கிறேன். புத்தகத்தை ஆசையாகத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவளிடம், பருப்பைக் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டிருக்கிறேன். அந்த மனிதருக்காக அவள் முதலில் போராடியது என்னிடம்தான்.