மேடைக்காகக் கருத்தது

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் மற்றவர்கள் மேல் கோபப்பட வசதியாக இருக்கும். உக்கடத்தில் பம்பு செட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிற நான், நாற்பத்தைந்து வயதில், ஆணழகன் போட்டி மேடையில் நிற்பதற்காக, தொப்புளுக்குப் பக்கத்தில் நானே ஊசி குத்திக்கொண்டேன். எதற்கு? கருப்பாவதற்கு.

ஊரே கடலைமாவும் எலுமிச்சையும் தேய்த்து வெளுக்கப் பார்க்கிறது. நானோ பிறவியிலேயே செவப்பு. பெண் பார்த்த நாளில் என் சம்பாத்தியத்தைப் பற்றி வாயே திறக்காதவர்கள்கூட என் நிறத்தை மெச்சினார்கள். ஆணழகன் மேடையில் அது செல்லாது. வெளுத்த தோல்மேல் விளக்கு அடித்தால் சதையின் வெட்டு தெரியாது. அதனால் போட்டிக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் சாயம் பூசிக்கொள்வார்கள். ஒத்திகைப் படத்தில் அவர்கள் நடுவே நான் துணியிலிருந்து அப்போதுதான் எடுத்த இட்லி மாதிரி நின்றிருந்தேன்.

நான் போகும் ஆர்.எஸ்.புரம் ஜிம்மின் பயிற்சியாளர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சாயமெல்லாம் வேர்வையில வழிஞ்சுபோடுங்ணா. உள்ளுக்குள்ள இருந்தே கருக்கற ஊசி ஒண்ணு இருக்குது. பெப்டைட்."

"ஒண்ணும் பண்ணிப்போடாதுங்களே தம்பி?"

"புரோட்டீன் பவுடர் மாதிரிதானுங்ணா."

சொல்லிக்கொண்டே ஃப்ரிட்ஜைத் திறந்தார். மேல்தட்டில் கல்யாணப் பெண்களை வெளுக்க வைக்கிற ஊசி, கீழ்த்தட்டில் என்னைக் கருக்க வைக்கிற ஊசி. ஒரே ஃப்ரிட்ஜில் பகலையும் இரவையும் விற்கிற ஆளைப் பார்த்ததுமே நான் ஓடியிருக்க வேண்டும். சட்டையைத் தூக்கினேன். முதல் ஊசியை அவர் போட்டுக் காட்டினார், அப்புறம் நானே வீட்டில் குத்திக்கொண்டேன்.

முதல் ஊசியிலேயே முகம் அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்தது போல எரிந்தது. அப்புறம் குமட்டல். கொட்டாவி வேறு, வாடிக்கையாளர் மோட்டார் ரிப்பேரான சோகத்தைச் சொல்லும்போது அவர் முகத்துக்கு நேராக வாயைப் பிளந்தேன். சோறு இறங்கவில்லை என்று போய்ச் சொன்னால், "சூப்பருங்ணா, கொழுப்பும் எறங்குது" என்று பயிற்சியாளர் கைகொடுத்தார். இன்னொன்றும் உண்டு. எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன். மனதில் ஒரு நினைப்பும் இல்லாமல், கையில் பேரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, உடம்பு தானாகப் புது மாப்பிள்ளை ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு விவசாயி மேல் அலமாரியில் இருந்த இம்பெல்லரைக் கேட்டார். கல்லாவை விட்டு எழ முடியுமா? "நீங்களே எடுத்துக்கோங்க" என்றேன். "கடைக்காரருக்கு மண்டைக்கனத்தைப் பாரு" என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார். இதில் ஒன்றையாவது அந்தப் பயிற்சியாளர் முன்கூட்டிச் சொன்னாரா? மூச்சு விடவில்லை.

நிறம் மட்டும் சொன்னபடி ஏறியது. பெருந்துறையில் மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு புதுமனைப் புகுவிழா. பந்தலில் மாமனாரின் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, காரை வித்துப்போட்டீங்களா?"

"இல்லீங் மாமா. ஏனுங்?"

"கோயமுத்தூர்ல இருந்து வெயில்ல நடந்தே வந்தாப்ல கெடக்கறீங்களே!"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பதில் எனக்குப் பயிற்சியாளரே தேவையில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது என் மனைவி சிரிக்கவில்லை. என் முதுகில் ஒரு மச்சம் உண்டு. என்னைவிட அதை நன்றாக அறிந்தவள் அவள்தான். அது பெரிதாகி, ஓரம் பிசிறடித்து, ஒரு பக்கம் மட்டும் மையாகக் கருத்திருந்தது. விரலை அதன்மேல் வைத்தபடி, "இது இப்படி இருக்கலீங்களே" என்றாள். வேறு வழியில்லாமல் ஊசிக் கதையைச் சொன்னேன்.

"ஊர்ல நம்ம தோட்டத்து மாட்டுக்கு ஊசி போட டாக்டர் வந்தா, மருந்து பாட்டிலை வாங்கி வெளிச்சத்துல காட்டித் தேதி பாக்கறவருங்க நீங்க. உங்களுக்குன்னா மட்டும் எவனோ குடுத்ததைக் குத்திக்குவீங்களா?"

மறுநாளே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தோல் மருத்துவர் அம்மா லென்ஸ் வைத்து வெகு நேரம் பார்த்தார். "இந்த ஊசியில மச்சம் இப்படி மாறறதுண்டு. இதை விக்கறதுக்கே இங்க அனுமதி கிடையாதுங்க. அந்தக் குப்பிக்குள்ள நெசமா என்ன இருக்குதுன்னு வித்த ஆளுக்கே தெரியாது" என்றார். மச்சத்தை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"புத்துநோயிங்களா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் அனுப்பறோம்."

முடிவு வரும்வரை நான் இருந்த இருப்பு இருக்கிறதே! பிளஸ் டூ படிக்கிற மகளிடம் முதுகில் கொப்புளம் என்று பொய் சொன்னோம். அவள் பாடம் படிக்கிற சத்தத்தைக் கேட்டபடி, இவள் கல்லூரிக்குப் போவதைப் பார்ப்பேனா என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். மேடை, பதக்கம் எல்லாம் எங்கே போயின என்றே தெரியவில்லை. போட்டி நடந்த அன்று தையல் போட்ட முதுகோடு குப்புறப் படுத்திருந்தேன்.

கடைசியில் கெட்டது எதுவும் இல்லை என்று வந்தது. மற்ற மச்சங்களை மட்டும் விடாமல் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். மருத்துவமனை வாசலிலேயே என் மனைவி அழுதுவிட்டாள். அந்த அழுகையைப் பார்த்தபிறகுதான் எனக்குக் கோபம் முழுசாக வந்தது. என் மேல் இருக்கிற கோபம் என் சொந்தச் சொத்து, அதை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வாஷர் விற்றாலும், அது சரியில்லை என்று யாராவது திரும்பி வந்தால் நான் பதில் சொல்லியாக வேண்டும். மனிதர்களின் வயிற்றில் குத்துகிற மருந்தை விற்கிறவனுக்கு அந்தக் கவலைகூட வேண்டாமா? அவனுக்கு எதற்கு இனி 'ர்' விகுதி?

நேராக ஜிம்முக்குப் போனேன். கட்டுமஸ்தான ஓர் ஆள் பனியனைத் தூக்கிக்கொண்டு நிற்க, பயிற்சியாளன் கையில் ஊசியோடு குனிந்திருந்தான். நடுவில் போய் நின்று, சட்டையைக் கழற்றி, திரும்பி முதுகைக் காட்டினேன். குமட்டலில் தொடங்கி, மச்சம், கத்தி, தையல், என் மனைவி அழுதது வரை எல்லாவற்றையும் கத்தினேன். எடை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"இனி ஒருத்தருக்கும் இதைக் குத்தாதீங்க தம்பி!"

அவன் ஊசியைக் கீழே வைக்கவில்லை. என் முதுகுத் தையலை ஒரு பார்வை பார்த்தான்.

"உங்க பாடிக்கு செட் ஆகலீங்ணா."