முள்ளம்பன்றிக் கூட்டின் உபயகாரர்

போன மாதம் இரண்டு இளைஞர்கள் என் ஆலைக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் இருக்கும் சின்ன மிருகக்காட்சிச்சாலையைப் பெருப்பிக்கிறார்களாம். புதுக் கூடுகளுக்கு ஆள் தேடுகிறார்கள். கூட்டைக் கட்டித் தருகிறவரின் பெயரை முன்னால் எழுதிப் போடுவார்களாம். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். ஆனாலும் இந்தப் பகுதியில் யார் எதைக் கட்ட நினைத்தாலும் முதலில் என் படிதான் ஏறுவார்கள். இரண்டு அரிசி ஆலை, நான்கு லொறி. எல்லாம் இந்தக் கையால் உண்டானவை.

படங்களைப் புரட்டிக் காட்டினார்கள். மானை எடுக்கச் சொன்னார்கள். நான் கடைசிப் படத்தில் விரலை வைத்தேன். முள்ளம்பன்றி.

"உதையோ ஐயா? உது பகல் முழுக்க நித்திரையெல்லோ கொள்ளும்."

"தெரியும் தம்பி. நீங்கள் பிறக்க முதலே எனக்குத் தெரியும்."

பெயர்ப்பலகை எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு சாண் போதும் என்றேன். ஆலையிலும் லொறிகளிலும் என் பெயர் எவ்வளவு பெரிதாக நிற்கிறது என்று தெரிந்தவர்கள் ஆதலால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. கொழும்புக்கு வேலைக்குப் போன அப்பா திரும்பவேயில்லை. அம்மாவும் நானும் உரும்பிராயில் மாமா வீட்டில் இருந்தோம். மாமா அம்மாவின் அண்ணன். சைக்கிள் கடை வைத்திருந்தார். அந்த வருடம் ஊர் வாசிகசாலைக்காரர், வாசிகசாலை வளவில் மிருகக்காட்சிச்சாலை ஒன்று திறக்க முடிவெடுத்தார்கள். திருவிழாவுக்கு இருப்பதுபோல ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு உபயகாரர். எங்கள் ஊரில் உபயம் என்றால் பெயர் எழுதாமல் முடியாது. கோயில் விளக்கில்கூட, உபயகாரரின் பெயர் மிச்சம் விட்ட இடத்தால்தான் வெளிச்சம் வரும்.

மயிலைச் சுருட்டு முதலாளி பிடித்துக்கொண்டார். குரங்கை ஊர் அதிகாரியான விதானையாரிடம் கொண்டுபோனார்கள். "என்ரை பேரைக் குரங்குக் கூட்டிலை எழுதினால், உள்ளுக்கை இருக்கிறது ஆரெண்டு சனம் கேக்குமடா" என்று அவர் எழும்பிப் போய்விட்டார். பிறகு முயலுக்கு இணங்கினார். மாமா வன்னியிலிருந்த சிநேகிதர் மூலம் ஒரு முள்ளம்பன்றியை லொறியில் இறக்குவித்தார். கம்பிக் கூட்டையும் அவரே அடித்தார். ஒரு சாண் நீளத் தகரத்தில் உபயம் என்று தன் பெயரை எழுதி மூலையில் கட்டினார். தீன் போடும் பொறுப்பு எனக்கு. பள்ளிக்கூடத்தில் நான் விட்ட புளுகைப் பாதி வகுப்பு நம்பவில்லை. ஒரு முள்ளைக் கொண்டுவந்து காட்டு என்றார்கள்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் மரவள்ளிக்கிழங்கோடு போனேன். புதுச் செருப்பு அழுக்காகாமல் வெளியே கழற்றி வைத்துவிட்டு, கூட்டின் சின்னக் கதவைத் திறந்து முள்ளுக்குக் கையை நீட்டினேன். அது சிலிர்த்து, சலங்கை போலக் கலகலத்து, பின்பக்கமாகவே என்மேல் பாய்ந்தது. நான் கதவையும் பார்க்கவில்லை, செருப்பையும் பார்க்கவில்லை. வீட்டில் போய்த்தான் நின்றேன். பொழுதுபடத் திரும்பி வந்தால் கதவு திறந்தபடி கிடந்தது. கூட்டில் கிழங்கு மட்டும் இருந்தது. செருப்பையும் காணவில்லை.

ஒருவருக்கும் சொல்லவில்லை. மாமா என்னை அடித்ததில்லை. ஆனால் ஊர் திரண்டு வந்து அவருடைய வெறுங்கூட்டைப் பார்த்துச் சிரித்தால், அதற்குப் பிறகும் அம்மாவையும் என்னையும் அந்த வீட்டில் வைத்திருப்பாரா? அதுதான் என் பயம். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துவிட்டுப் படுத்தேன்.

விடிய எழும்பினால் செருப்பு வாசலில் சோடியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஓடினேன். வாசிகசாலை வளவில் கூட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் மாமாவின் சைக்கிள் கடைப் பெயர்ப்பலகை நின்றது. கடை முகப்பிலிருந்து கழற்றி வந்து, கூட்டின் முன்பக்கம் முழுவதையும் மூடிக் கட்டியிருந்தார். தலைப்பில் 'உபயம்' என்ற சொல் மட்டும் புதுப் பச்சைப் பெயின்றில் வழிந்துகொண்டிருந்தது.

"முள்ளம்பன்றி எங்கை அண்ணை?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"உள்ளுக்கை தேடாதையடா," என்றார் விதானையார். "அது வேட்டி கட்டிக்கொண்டு வெளியிலை நிக்குது!"

வளவே அதிரச் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "பகலிலை நித்திரை கொள்ளுற சீவன். வெளிச்சம் படக்கூடாது. இடம் பழகட்டும், ஒரு கிழமை பொறுங்கோ" என்றார். பிரதம விருந்தினர் நாடாவை வெட்டினார். பலகையோடு நின்று படம் எடுத்தார். பச்சைப் பெயின்றை வேட்டியில் பூசிக்கொண்டு மயிலிடம் போனார். பின்னால் போய் எட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பெயரை வாசித்த பிறகு மிச்சத்தைப் பார்க்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றேன். மாமாவின் பெயர்ப் பைத்தியம் என்னைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்தேன். 'முள்ளம்பன்றி முதலாளி' என்ற பட்டம் அன்றே அவர்மேல் ஏறியது. சாகும்வரை இறங்கவில்லை. வகுப்பில் அதை அதிகம் சொல்லிச் சிரித்தவன் நான்தான்.

அந்தக் கிழமை முழுவதும் மாமா விடியற்காலையில் சாக்கோடு மரவள்ளித் தோட்டங்களின் பக்கம் போய்வந்தார். ஐந்தாம் நாள் நொண்டிக்கொண்டு வந்தார். கெண்டைக்காலில் துணி சுற்றியிருந்தது. கிணற்றுக்கட்டில் வழுக்கியதாக மாமியிடம் சொன்னார். ஏழாம் நாள் பலகையைக் கழற்றினார். கூட்டின் மூலையில் முள்ளம்பன்றி சுருண்டு நித்திரை கொண்டது. நான் நேரே பிள்ளையார் கோயிலுக்கு ஓடித் தேங்காயை உடைத்தேன். என் நேர்த்திக்கு இப்படி ஒரு சக்தியா என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

அன்று பின்னேரம் மாமா கடையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். என்னைக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தந்தார்.

"இந்தா. இனிக் கூட்டைத் திறவாதை."

ஓம் மாமா என்று சொல்லிவிட்டு ஓடிப்போனேன். அடுத்த நாள் வகுப்பில் அந்த முள்ளைக் கைக்குக் கை கொடுத்தேன். நுனியில் ஏதோ கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. முள்ளம்பன்றி முள்ளின் நிறமே அப்படித்தான் என்று எல்லாருக்கும் விளங்கப்படுத்தினேன்.