மைனஸ் நாற்பதும் செல்வராணி அக்காவின் கால்விரல்களும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரை இருக்கும். போன் அடித்தது. எடுத்தால் வணக்கமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை.

"தம்பி, நீர் பாத்து வாங்கித் தந்த பூட்ஸ் சரியில்லை. கால் விறைச்சுப் போச்சு. வந்து எடுத்துக்கொண்டு போம்!"

பேசியவர் செல்வராணி அக்கா. என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அக்கா. வயது அறுபத்தொன்று. நகரின் ஓரத்தில், ரூஜ் என்ற பகுதியில் மகள் தனுஜாவோடு இருக்கிறார். வேலை? பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீதியைக் கடக்கும்போது நடுவில் போய் நின்று வாகனங்களை மறிப்பது. பளபளக்கும் மேலங்கி, கையில் 'ஸ்ரொப்' பலகை. காலையும் பின்னேரமும் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும்.

அதற்கு முன் இருபது வருடம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். அங்கே எல்லோரும் அவருக்கு உத்தரவு போட்டார்கள். இந்த வேலை வந்த பிறகுதான் மனுசிக்கு முகத்தில் ஒரு களை வந்தது.

"நான் கையைத் தூக்கினா எவ்வளவு பெரிய ட்ரக்கும் நிக்குது தம்பி. வீட்டில நான் சொல்லி ஆர் நிண்டது?"

பிரச்சினை ஒன்றுதான். அக்காவுக்கு நீரிழிவு. போன வருடக் குளிரில் இரண்டு கால்விரல்கள் வெள்ளையாகி உணர்ச்சியற்றுப் போயின. தப்பியது பெரிய காரியம். குடும்ப டொக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்... இன்னொரு தரம் இப்படி வந்தால் வேலையை விடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் விரலை விடவேண்டி வரலாம்.

அதனால்தான் நவம்பரில் என்னைக் கூப்பிட்டார். ஏன் என்னை? பூட்ஸ் விஷயத்தில் நான் ஒரு மேதை என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பை உண்டாக்கியவனும் நான்தான். வந்த புதிதில் ஆறு குளிர்காலம் வெளியில் நின்று லொறிக்குச் சாமான் ஏற்றியவன் அல்லவா? சும்மா விடுவேனா?

கடையில் அக்கா நேரே போய் எடுத்தது என்ன தெரியுமா? மெல்லிய, பக்கத்தில் ஸிப் வைத்த, வடிவான ஒரு சோடி.

"இதெண்டா டக்கெண்டு கழட்டலாம்."

இது அக்காவின் குறை மட்டும் இல்லை. நாங்கள் பூட்ஸ் வாங்கும்போது போடுவதைப் பற்றி யோசிப்பதில்லை. கழற்றுவதைப் பற்றித்தான் யோசிக்கிறோம்! ஒரு சனிக்கிழமையில் கோயில், புதுவீடு குடிபூரல், பிறந்தநாள் என்று மூன்று வாசலில் கழற்றி மூன்று வாசலில் மாட்டவேண்டும். நூறு சோடிக் கறுப்புப் பூட்ஸுக்குள் நம்முடையதைத் தேடவும் வேண்டும். குனியாமல் காலை உதறினால் கழன்று விழவேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே தகுதித் தேர்வு. கழன்று விழுகிற பூட்ஸின் வாய்க்குள் பனியும் சுகமாக இறங்கும் என்பது ஜனவரியில்தான் உறைக்கும்.

நான் விடவில்லை. அடி தடிப்பாக இருக்கவேண்டும்... குளிர் வானத்திலிருந்து வருவதைவிட நிலத்திலிருந்துதான் அதிகம் ஏறும். கீழ்ப்பாகம் ரப்பர். உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய தடித்த கம்பளி உறை. விரல்கள் தாராளமாக அசைய இடம். அக்கா மூன்று சோடி சொக்ஸைப் பையில் கொண்டுவந்திருந்தார். அத்தனையையும் போட்டு இறுக்கினால் இரத்தம் ஓடாது, பிறகு எந்தப் பூட்ஸும் உதவாது என்று சொல்லி ஒரு சோடிக் கம்பளிச் சொக்ஸோடு போட்டுப் பார்க்க வைத்தேன். லேபலில் மைனஸ் முப்பது வரை தாங்கும் என்று போட்டதையும் தள்ளிவைத்தேன். அந்தக் கணக்கு நடப்பவர்களுக்கு, நிற்பவர்களுக்கு அல்ல. கடைசியில் மைனஸ் நாற்பது.

"இது என்ன தம்பி, யானைக்கால் மாதிரி..." என்று முணுமுணுத்தபடிதான் வாங்கினார்.

இவ்வளவு பார்த்து வாங்கியும் கால் விறைத்தது என்றால்? எனக்குக் கோபம்தான் வந்தது. அக்கா மேல் பாதி, அந்த லேபலை அடித்தவன் மேல் பாதி.

ரூஜுக்குப் போனேன். அக்கா சோபாவில் காலைப் போர்வையால் சுற்றியபடி இருந்தார். தனுஜா வேலைக்குப் போகாமல் பக்கத்தில் நின்றாள். போர்வையை விலக்கிக் காட்டினாள். வலது காலில் இரண்டு விரல் நுனிகள் இன்னும் மெழுகு நிறம். மற்றவை சிவந்து வந்துகொண்டிருந்தன. என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பயந்துபோனேன்.

"அங்கிள், நீங்களாவது சொல்லுங்கோ. ஷீ ஹாஸ் டு குவிற். ஒரு ஜொப்புக்காக விரலைக் குடுக்கிறதே? பின்னேரம் டொக்டரிட்டப் போறம்."

அக்கா என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள குந்தியிருந்து என்ன செய்யிறது தம்பி? அந்தப் பிள்ளையள் எனக்குக் கை காட்டிப்போட்டுத்தான் ரோட்டைக் கடக்கிறவை."

பேச்சை மாற்ற, பூட்ஸ் எங்கே என்று கேட்டேன்.

"கராஜுக்குள்ள நிக்குது, எடும்."

கராஜுக்குப் போனேன். ஹீற்றர் இல்லாத கராஜ். பனி அள்ளும் சவளுக்குப் பக்கத்தில், விரித்த மட்டைப்பெட்டியின் மேல், வெகு மரியாதையாக இரண்டு பூட்ஸும் நின்றன. கையை உள்ளே விட்டேன்.

விட்ட கையை உடனே எடுத்தேன். உள்ளே அப்படியொரு குளிர். கம்பளி உறை பல நாள் வியர்வையில் ஈரமாகி, காயாமல், மட்டை போல விறைத்துக் கிடந்தது.

அங்கிருந்தபடியே கத்தினேன். "அக்கா, உது எந்த நாளும் இங்கயோ நிக்கிறது?"

"பின்னை? செருப்பு சப்பாத்தைக் கொண்டுபோய் வீட்டுக்குள்ள வைக்கிறதோ? நல்ல கதை!"

நவம்பரிலிருந்து இதுதான் நடந்திருக்கிறது. இரவு முழுக்கக் கராஜில் உறைந்த பூட்ஸுக்குள், காலையில் சூடான காலை விட்டுக்கொண்டு போய் நின்றிருக்கிறார். டிசம்பர் கொஞ்சம் இரக்கம் காட்டியது. அந்தச் செவ்வாய்க்கிழமை காட்டவில்லை.

பூட்ஸ் அடுப்பு இல்லை. அது ஒரு தேர்மஸ். கொதிநீரை ஊற்றினால் சூட்டைக் காக்கும், ஐஸ்தண்ணியை ஊற்றினால் குளிரைக் காக்கும். மைனஸ் நாற்பது லேபல் பொய் சொல்லவில்லை. கராஜின் குளிரை அது அருமையாகக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது!

சோபாவடிக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னேன். தனுஜா தலையில் கை வைத்தாள். "அம்மா! சீரியஸ்லி?"

அக்கா அசையவில்லை. "என்ன எண்டாலும் சப்பாத்து உள்ளுக்கு வராது. வாசலுக்கு நேரா பிள்ளையார் இருக்கிறார்."

ஒரு பக்கம் விரல், ஒரு பக்கம் பிள்ளையார். நான் மறுபடி கராஜுக்குப் போய், பூட்ஸிலிருந்து கம்பளி உறையை உருவி எடுத்து அக்காவின் மடியில் வைத்தேன்.

"இதைப் பாருங்கோ. இது வீதியில முட்டுதோ?"

அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"முட்டாது. தடிச்ச சொக்ஸ் மாதிரித்தான் கிடக்கு."

"சொக்ஸோட வீட்டுக்குள்ள நடக்கிறனிங்கள்தானே?"

அக்கா உறையை மடித்து என்னிடம் நீட்டினார். "சரி, உது வரட்டும். ஆனா பிள்ளையாருக்கு முன்னால காயப்போடேலாது. உடுப்புத் தோய்க்கிற அறையில போடும். வெளிக்கூடு கராஜிலயே நிக்கட்டும்."

அன்று பின்னேரம் டொக்டர் விரல்களைப் பார்த்தார். இந்தமுறையும் தப்பிவிட்டது. பத்து நாள் ஓய்வு, பிறகு வேலைக்குப் போகலாம். ஆனால் மீண்டும் ஒருமுறை என்றால் இனி வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம்தான் எழுதுவேன் என்று சொல்லியனுப்பினார்.

அந்தப் பத்து நாளில் அக்கா என்ன யோசித்தாரோ தெரியாது. அடுத்த முறை போனபோது வாசலுக்கு உட்பக்கம் ஒரு பிளாஸ்ரிக் தட்டு. அதில் பத்திரிகை விரித்து, வெளிக்கூடுகள் இரண்டும் கதவைப் பார்த்தபடி நின்றன. நான் தட்டைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார்.

"அந்தத் தட்டு வரைக்கும் வெளிதான் தம்பி. தட்டுக்கு இஞ்சாலதான் வீடு."

நல்ல சட்டம் எல்லாம் இப்படித்தான் திருத்தப்படுகிறது.

இந்தத் திங்கட்கிழமைதான் இந்த வருடத்தின் மிகக் கொடிய குளிர். வேண்டுமென்றே அந்த வழியால் காரை விட்டேன். சந்தியில் அக்கா. பலகையைத் தூக்கினார், நின்றேன். பிள்ளைகள் கையைக் காட்டிக்கொண்டு கடந்தார்கள். கண்ணாடியை இறக்கி, "எப்பிடி அக்கா கால்?" என்று கத்தினேன்.

யானைக்காலில் ஒன்றைத் தூக்கி ஆட்டினார். "பத்தும் இருக்கு! நீர் கதைச்சுக்கொண்டு நிக்காமல் போம், பின்னால ஆக்கள் நிக்கினம்."

சொன்னபடி போனேன். மனது நிறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, கராஜில் இருபத்தெட்டு வருடமாக என் பூட்ஸ் நிற்கும் மட்டைப்பெட்டியை எடுத்துக் குப்பையில் போட்டது. அக்கா பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாசிப்பதில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.